முதுகு போடுதல்

ஜூலை 8, திங்கள்

இன்று முதல் நான் பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறேன். ஆடுவதற்கு அல்ல, எழுதுவதற்கு. பி.டி. பீரியடில் நூலகத்தில் ஒளிந்திருந்தபோது ஞானராஜ் சார் கண்டுபிடித்துவிட்டார். பதினோராம் வகுப்புப் பிள்ளை இப்படி நிழலிலேயே கிடந்தால் எலும்பு உளுத்துப்போகும் என்றார். பிறகு என் நோட்டைப் புரட்டினார். "கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே. ஸ்கோர் எழுது, வா" என்றார். எலும்பைப் பற்றி அதற்கப்புறம் பேசவில்லை.

மாலையில் கான்வென்ட் அணியுடன் நட்பு ஆட்டம். 12க்கு 43 என்று தோற்றோம். நட்பு முழுவதும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

எங்கள் பக்கம் எழுத அதிகம் இல்லாததால் வேறொன்றை எண்ணினேன். ரிங்கில் விழாமல் பந்து வெளியே தெறித்தது மொத்தம் அறுபத்தொரு முறை. அதில் எங்கள் கைக்கு வந்தது பதினொன்று. யாராவது ஷாட் அடித்ததும் எங்கள் ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே அண்ணாந்து, கிரகணம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். கான்வென்ட் பிள்ளைகள் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். சார் ஓரத்தில் நின்று "பால்ல கண்ணு வை, பால்ல கண்ணு வை" என்று கத்திக்கொண்டே இருந்தார். எல்லோரும் வைத்துத்தான் இருந்தார்கள். அதுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது.

அம்மா கேட்டாள், விளையாடினாயா என்று. எண்ணினேன் என்றேன்.

ஜூலை 11, வியாழன்

நூலகத்தில் விளையாட்டு அலமாரியில் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. யோகாசனம், சதுரங்கம், அட்டையில்லாத ஓர் ஆங்கிலக் கூடைப்பந்துப் புத்தகம். கடைசிப் புத்தகத்தின் முதல் நாற்பது பக்கங்களைக் கறையான் படித்து முடித்துவிட்டது. நாற்பத்தொன்றிலிருந்து நான் படித்தேன். அங்கேதான் 'பிளாக் அவுட்' ஆரம்பிக்கிறது.

விஷயம் எளிது. ஷாட் போனதும் பந்தைப் பார்க்கக் கூடாது. உன் ஆளைத் தேடு. அவள் மேல் முதுகு படும்படி திரும்பு. காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முழங்கையை விரித்து, அவளை உன் பின்னாலேயே வைத்துக்கொள். பந்து ரிங்கில் பட்டுத் தெறித்த பிறகு போய் எடு. ஓரத்திலிருந்து அடித்த பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் விழும். உயரத்தைவிட இடம் முக்கியம். இதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேதியியலில் இப்படி ஒரு தடவைகூட ஆனதில்லை.

சாரிடம் காட்டினேன். காலைப் பிரார்த்தனைக்கு விசில் ஊதுவது, தாளாளர் அய்யாவின் கார் வரும்போது கேட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, கொடிக்கயிறு, இவை மூன்றும் சாரின் பொறுப்பு. நான்காவது, நாங்கள். "படிச்சவ நீ. நீயே சொல்லிக்கொடு, நான் மேற்பார்வை பாத்துக்கிறேன்" என்றார். மேற்பார்வைக்கு வேப்ப மரத்தடியில் நாற்காலி போடப்பட்டிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

முதல் பாடம். ஒரு வாரத்துக்குப் பந்தே கிடையாது என்றதும் சிரித்தார்கள். எனக்கு 'புக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லை.

இரண்டிரண்டு பேராக நிற்க வைத்தேன். நான் "ஷாட்" என்று கத்தியதும் முன்னால் நிற்பவள் திரும்பி, பின்னால் நிற்பவளை முதுகால் தடுக்க வேண்டும். நடந்தது வேறு. முதுகு பட்டதுமே "சாரிடி" என்று விலகினார்கள். ஒன்பதாம் வகுப்புச் சுபாஷினி, பெரிய அக்காக்களுக்கு முதுகைக் காட்டினால் மரியாதையாக இருக்காது என்று திரும்பவே மறுத்தாள். கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜெனிஃபர் கிறிஸ்தவப் பிள்ளை, அவளும் ஒற்றிக்கொண்டாள். கால் மணி நேரத்தில் பதினேழு கும்பிடுகள். புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. எழுதியவரின் ஊரில் கால் பட்டால் என்ன செய்வார்களோ.

பன்னிரண்டாம் வகுப்புப் பேச்சியம்மாள் அக்கா மட்டும் கும்பிடவில்லை. நின்றது நின்றபடி இருந்தாள். அவளைத் தாண்ட முயன்ற மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். நான் பக்கம் 43ஐத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

"லாரித் தண்ணி வந்தா எப்படி நிப்பீக? குடத்த முன்னால வச்சு, பின்னாடி நிக்கிறவள விடாம நிக்க மாட்டீக? அப்படி நில்லுங்க."

அத்தனை பேரும் அப்படி நின்றார்கள். புத்தகம் மூன்று பக்கங்களில் சொன்னது ஒரு லாரியில் முடிந்துவிட்டது. அதோடு அதற்குப் பெயரும் மாறிவிட்டது. யாரும் பிளாக் அவுட் என்பதில்லை. முதுகு போடுறது என்கிறார்கள்.

பயிற்சி முடிந்து பேச்சியக்காவோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். அவளுடைய அம்மா நூல் மில்லில் இருக்கிறார். மில்லில் அக்காவுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்தாயிற்று. மாவட்ட அணியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் மதுரையில் ஒரு கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்ளும், விடுதியும் சாப்பாடும் உண்டு. சான்றிதழ் வந்தால் கல்லூரி, வராவிட்டால் மில் என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். ஆகஸ்டில் மாவட்டத் தேர்வு. எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம். ஒன்று எங்கள் அணியின் சம்யுக்தா, இன்று அவள் பயிற்சிக்கு வரவில்லை. இன்னொன்று பேச்சியக்கா. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லாததால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஜூலை 19, வெள்ளி

இன்று அறிவியல் முறைப்படி உயரம் அளந்தேன். கையில் சாக்பீஸ் தூள் பூசிக்கொண்டு குதித்து, கழிப்பறைச் சுவரில் கைபதிக்க வேண்டும். சம்யுக்தா என் வகுப்பு. தாளாளர் அய்யாவின் பேத்தி, அணியிலேயே உயரமானவள். கெட்டவள் இல்லை. யாரும் எதையும் மறுக்காத வீட்டில் வளர்ந்தவள், அவ்வளவுதான். அவள் கை நல்ல உயரத்தில் பதிந்தது. பேச்சியக்காவின் கை அதற்கு இரண்டு விரல் மேலே. ஆனால் அந்த இடத்தில் சுவர் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

அளவுகளை வைத்து ஒரு திட்டம் வரைந்தேன். எதிரணியின் மிகப் பெரிய பிள்ளைக்குப் பேச்சியக்கா முதுகு போட வேண்டும். சம்யுக்தா குதித்துப் பந்தை எடுக்க வேண்டும். பந்து பேச்சியக்காவின் பக்கத்தில் விழுந்தாலும் அவள் விட்டுவிட வேண்டும், இரண்டு பேர் ஒரே பந்துக்குப் போனால் மோதிக்கொள்வார்கள். சார் என் படத்தைப் பார்த்ததுமே ஒப்புக்கொண்டார். தாளாளர் அய்யா சந்தோஷப்படுவார் என்றார்.

நான் அதற்காக வரையவில்லை. இதைக் குறித்துவைக்கிறேன்.

ஜூலை 22, திங்கள்

சீருடை தேய்த்தேன். மாவாட்டினேன். கும்பிடு: இன்று மூன்றுதான்.

ஜூலை 30, செவ்வாய்

வென்றோம். அதே கான்வென்ட், 31க்கு 26. கான்வென்டின் நெட்டைப் பிள்ளை, சென்ற முறை இருபது பந்து பொறுக்கியவள், இன்று இரண்டு எடுத்தாள். மீதி நேரம் முழுவதும் பேச்சியக்காவின் பின்னல் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கால் பகுதியில் பாவம், அழுகிற முகம். சம்யுக்தா பதினெட்டு எடுத்தாள்.

தமிழம்மா ஒரு கேள்வி எழுப்பினார்கள். எதிரிக்குப் புறமுதுகு காட்டுவது தமிழ்ப் பெண்களுக்கு அழகா என்று. தலைமையாசிரியை வசந்தகோகிலம் அம்மா சற்று யோசித்துவிட்டு, வென்றால் அழகுதான் என்றார்கள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. இன்று காலைப் பிரார்த்தனையில் என் அட்டவணையைப் படிக்கச் சொன்னார்கள். நேற்று இரவே பெரிய சார்ட்டில் எழுதி முடித்திருந்தேன். பெயர்கள் கறுப்பு, எண்கள் சிவப்பு, கோடு பச்சை. மைக்கில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சம்யுக்தா அறுபத்தாறு. ஜெனிஃபர் இருபத்து மூன்று. சுபாஷினி ஒன்பது. இப்படியே இறங்கி, கடைசியில், பேச்சியம்மாள் ஒன்று.

ஒன்று என்றதும் பத்தாம் வகுப்பு வரிசையில் யாரோ சிரித்தார்கள். பேச்சியக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரிசையில், முழங்கையில் பிளாஸ்திரியோடு நின்றாள். அந்த ஒன்றும் தானாக வந்து அவள் கையில் விழுந்ததுதான்.

தாளாளர் அய்யா என்னை மேடைக்கு அழைத்துப் பேனா கொடுத்தார். புள்ளிவிவரம்தான் நாட்டின் முதுகெலும்பு என்றார். சார்ட்டை அலுவலக வாசலில் மாட்டிவிட்டார்கள். போகிற வருகிற எல்லோரும் படிக்கிறார்கள். நான்கூட இரண்டு முறை அந்தப் பக்கம் போனேன், தண்ணீர் குடிக்க.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாவட்டத் தேர்வுக்குப் பட்டியல் போய்விட்டது. சம்யுக்தா, ஜெனிஃபர்.

சாரிடம் ஓடினேன். வேப்ப மரத்தடியில் விண்ணப்பங்களைக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தார். பேச்சியக்கா பெயர் விட்டுப்போயிருக்கிறது என்றேன். விட்டுப்போகவில்லை என்றார்.

"நாலு மேட்ச்சு, ஒரே ஒரு பந்து. இதக் கொண்டுபோய் நான் செலக்சன் கமிட்டில நீட்டட்டுமா?"

"சார், சம்யுக்தா எடுத்த அறுபத்தாறும் அக்கா முதுகு போட்டதால வந்தது சார்."

"அப்படினு எங்க எழுதியிருக்கு?"

நான் எழுதவில்லை.

"நீதான எழுதின? நான் எழுதினேனா?" என்றார். கோபமாகக்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலிருந்தது.

புதிதாக ஒரு கட்டம் சேர்த்து எழுதித் தருகிறேன், யார் யாரை எத்தனை முறை மறித்தார்கள் என்று, எனக்கு நினைவிருக்கிறது என்றேன். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது என்றார். பிறகு, சார்ட் நன்றாக வந்திருக்கிறது, மாவட்டக் கல்வி அலுவலர்கூடப் பாராட்டினார் என்றும் சொன்னார்.

ஆகஸ்ட் 10, சனி

தலைவலி. மைதானத்துக்குப் போகவில்லை. இயற்பியல் ரெக்கார்டில் நான்கு படங்கள் வரைந்தேன். நான்கும் சரியாக வந்தன.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பேச்சியக்கா நேற்றும் இன்றும் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய வகுப்பு மகேஸ்வரி சொன்னாள்: சான்றிதழ் இல்லையென்றால் மார்ச் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று அவள் அம்மா கேட்டாராம். வருகிற திங்கட்கிழமை மில்லில் பெயர் கொடுக்கிறார்களாம்.

போய்ப் பார்க்க நினைத்தேன். வீட்டில் மாவாட்ட வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

மாவு நேற்றே ஆட்டியாகிவிட்டது. இன்றும் போகவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

நீளமாக எழுத வேண்டிய நாள். கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மாவட்டத் தேர்வு விருதுநகரில். தாளாளர் அய்யாவின் காரில் சம்யுக்தா, ஜெனிஃபர், சார், நோட்டோடு நான். பந்தலின் கீழ் மூன்று தேர்வாளர்கள். ஒருவர் செய்தித்தாள் படித்தார், ஒருவர் போனில் பேசினார், மூன்றாமவர் ரயில்வேயில் ஆடி ஓய்வு பெற்றவராம், அவர் மட்டும் ஆட்டத்தைப் பார்த்தார். தாளாளர் அய்யா மாவட்டக் கழகத்தின் துணைத் தலைவர் என்பதால் அவருக்கு மட்டும் குஷன் வைத்த நாற்காலி.

காலை ஆட்டத்தில் சம்யுக்தா வழக்கமான இடத்தில் போய் நின்றாள். ஷாட் போனது. பந்து வரும் என்று கையை உயர்த்திக் காத்திருந்தாள். கான்வென்டின் நெட்டைப் பிள்ளை அவள் தலைக்கு மேலே எடுத்துக்கொண்டு போனாள். அடுத்ததையும். அதற்கடுத்ததையும். முதுகு போட அவள் கற்றுக்கொள்ளவே இல்லை, அது என் படத்தில் அவள் வேலை இல்லை. காலை முழுவதும் அவள் எடுத்தது மூன்று, அதில் ஒன்று கோட்டுக்கு வெளியே. ஜெனிஃபர் யாரோ ஒருத்தியின் காலை மிதித்துவிட்டுக் குனிந்து தொட்டுக் கும்பிட்டாள். செய்தித்தாள் தேர்வாளர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நல்ல பண்பு என்றார்.

இடைவேளையில் சம்யுக்தா தன் தாத்தாவின் நாற்காலி அருகில் போய் நின்றாள். நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் இருந்தேன்.

"பேச்சியக்கா இல்லாம என்னால ஆட முடியாது, தாத்தா. அவங்கள வரச் சொல்லுங்க."

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. மின்விசிறியைப் போடச் சொல்லும் குரல். சாரிடம் நான் மன்றாடிக் கிடைக்காதது பன்னிரண்டு நொடிகளில் கிடைத்தது. பட்டியல் பட்டியல்தான் என்று காலையில் இரண்டு பள்ளிகளைத் திருப்பி அனுப்பிய அமைப்பாளர், எங்கள் பள்ளிப் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருப்பதைக் கண்டுபிடித்தார். கார் கிளம்பியது. வீடு காட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எனக்கு வீடு தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஊருக்கு வந்து மூன்று தெருக்களில் கேட்டுக் கண்டுபிடித்தோம்.

பேச்சியக்கா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சார் காரிலிருந்து இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, கிளம்பு, தேர்வுக்கு நேரமாகிறது என்றார். அவள் சாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பேர் இல்லைன்னாங்களே."

"இப்ப இருக்கு அக்கா."

"எப்படி வந்துச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் சார் சொல்லிவிட்டார்: "சம்யுக்தா கேக்குது."

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் வந்தாள். அவளுடைய அம்மா வாசல்வரை வந்து, "ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்ட்டு. ஆகுமா ஆகாதானு இன்னைக்கோட முடிச்சுட்டு வா" என்றார். காரில் ஏசி ஓடியது.

மதியம் எல்லோருக்கும் எண் குத்தினார்கள். ஒற்றைப்படை ஓர் அணி, இரட்டைப்படை ஓர் அணி. சம்யுக்தாவுக்கு ஏழு. பேச்சியக்காவுக்குப் பதினான்கு.

சார் அமைப்பாளரிடம் ஓடினார். எண் குத்தியாகிவிட்டது என்றார்கள். தேர்வாளர்கள் உயரத்துக்கு உயரம் நிறுத்தினார்கள். சம்யுக்தாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் பேச்சியக்கா.

முதல் ஷாட். பேச்சியக்கா ஒரு நொடி நின்றாள். அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. பிறகு திரும்பி, சம்யுக்தா மேல் முதுகைப் போட்டாள். பந்து தெறித்தது. அதை விட்டுக்கொடுக்க இப்போது யாரும் இல்லை. அவளே குதித்து எடுத்தாள்.

ஓரத்திலிருந்து சார் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார், விடு, விடு என்று. அவள் ரிங்கைப் பார்த்திருந்தாள். தாளாளர் அய்யா குஷனிலிருந்து எழுந்துவிட்டார். ஆறேழு ஷாட்டுகளுக்குப் பிறகு, இருவரும் நான் உட்கார்ந்திருந்த கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்தார்கள். சம்யுக்தாவுக்கு மூச்சு வாங்கியது.

"விடுங்கக்கா. ஒரே ஒரு பந்து."

"ஒண்ணு விட்டா உனக்குப் பத்தாது, பாப்பா."

திட்டுவது போலச் சொல்லவில்லை. சாதம் இன்னும் வேகவில்லை என்பதுபோலச் சொன்னாள். இருபது நிமிடத்தில் பேச்சியக்கா எடுத்தது ஒன்பது. சம்யுக்தாவின் கையில் பந்து படவே இல்லை.

ரயில்வேக்காரர் கேட்டார், அந்தப் பதினாலாம் நம்பர் யாருடைய பிள்ளை என்று. சார் உடனே எழுந்து, "எங்க பிள்ளைதாங்க சார். நான் ட்ரெயின் பண்ணது" என்றார். விடு விடு என்று தாழ்ந்துகொண்டிருந்த அதே கை இப்போது நெஞ்சில் இருந்தது.

பன்னிரண்டு பெயர்களைப் படித்தார்கள். பதினோராவது, பேச்சியம்மாள். எங்கள் பள்ளியிலிருந்து அது ஒன்றுதான்.

தாளாளர் அய்யாவும் சம்யுக்தாவும் ஜெனிஃபரும் காரில் போய்விட்டார்கள். எங்களுக்கு இடமில்லை என்று டிரைவர் சொன்னார், வரும்போது இருந்தது. பஸ்ஸில் வந்தோம். சார் எங்களோடு உட்காரவில்லை, முன்னால் கண்டக்டரிடம் பேசிக்கொண்டே வந்தார். பேச்சியக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தூங்கியது வசதியாக இருந்தது.

ஆகஸ்ட் 19, திங்கள்

பிரார்த்தனையில் தலைமையாசிரியை அம்மா பேசினார்கள். தாளாளர் அய்யா தக்க தருணத்தில் தம் சொந்தக் காரையே அனுப்பி ஓர் ஏழை மாணவியை மாவட்ட வீராங்கனை ஆக்கினார்கள். எல்லோரும் கைதட்டினோம். செய்தித்தாளுக்குப் படம் எடுத்தார்கள். தாளாளர் அய்யா, தலைமையாசிரியை அம்மா, சார் மூவரும் முன்னால், காலை அகட்டி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. பின்னால் பேச்சியக்காவின் இடது காதும் ஒரு கம்மலும் தெரிகின்றன.

இனிப் பயிற்சியில் சம்யுக்தாவுக்கு யாரும் முதுகு போடக் கூடாது என்று சார் அறிவித்தார். அவள் பயிற்சிக்கே வராததால் எல்லோரும் கடைப்பிடிக்கிறோம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நாளை பேச்சியக்கா மாவட்ட அணியின் முகாமுக்குப் போகிறாள். ஞாயிறு வந்துவிட்டு, அடுத்த வாரம் மாநிலப் போட்டிக்கு. மில்லில் பெயர் கொடுக்கவில்லை.

இன்று போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சுவரில் உங்கள் கை இரண்டு விரல் மேலே இருந்தது, சுவர் வளைவு என்று நானாக எழுதிக்கொண்டேன், சுவர் வளைந்திருக்கவில்லை, சம்யுக்தா பெயரைப் போட்டால் சார் உடனே ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். இதெல்லாம் சொன்னேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"சுவத்துல கை வச்சது நான்தான. எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல அக்கா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? நீ கேட்டிருக்கணும். பேச்சியக்கா, ஒங்களுக்குப் பந்து வேணுமானு ஒரு வார்த்தை."

நான் அழுதுவிட்டேன். அவள் ஒரு பழைய டவலை என்னிடம் நீட்டினாள். துடைத்துக்கொள்ளத்தான் என்று முகத்தைத் துடைத்தேன். "மடிக்கச் சொன்னேன்" என்றாள். மடித்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

பயிற்சி இல்லை, சார் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பூட்டியிருக்குமென்று நினைத்துத்தான் மைதானத்துக்குப் போனேன். சம்யுக்தா தனியாக ரிங்கின் கீழே நின்றிருந்தாள். டிரைவர் கேட்டுக்கு வெளியே காரில்.

ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் என்னிடம் பேசினாள். "அது எப்படிப் போடணும்? எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கல" என்றாள்.

உண்மைதான். பதின்மூன்று பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், இவளைத் தவிர. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மைதானத்துக் கோட்டுக்குள் நான் கால் வைத்தது இன்றுதான். காலை அகட்டினேன், முழங்காலை மடக்கினேன், பக்கம் 43 அப்படியே ஞாபகத்தில் இருந்தது. "ஷாட்" என்று நானே கத்திவிட்டுத் திரும்பினேன். சம்யுக்தா லேசாகத்தான் நெருங்கினாள். நான் குப்புற விழுந்தேன். மூக்குக்கண்ணாடி பத்தடி தள்ளிப் போனது.

அவள் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள்.

"ஒனக்குத் தெரியாதா?"

"படிச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். பிறகு நானும். பிறகு இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம், ஏனென்றால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் தோன்றியிருக்க வேண்டும். ஊரில் இதைச் சரியாகத் தெரிந்தவள் ஒருத்திதான்.

"நாளைக்கு வந்துருவாங்கல்ல" என்றாள் சம்யுக்தா. "சொல்லிக்கொடுப்பாங்களா?"

கேட்டுப் பார் என்றேன்.

"நீ கேளு" என்றாள்.

முழங்காலில் மண் ஒட்டியிருந்தது, தட்டிக்கொண்டேன். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். இரண்டாவது முறையும் அடித்தார். யார் கேட்பது என்பது முடிவாகாமல் நாங்கள் இரண்டு பேரும் ரிங்கின் கீழேயே நின்றுகொண்டிருந்தோம்.